மரபணுத் தரவுத்தளத்தில் அயல் வரிசைகள்: கண்டறிவதும், பதிவையும் கட்டுரையையும் திருத்துவதும்

1994-ஆம் ஆண்டு சயின்ஸ் ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, அமெரிக்காவின் யூட்டா மாநில நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் கிடைத்த, ஏறத்தாழ 8 கோடி ஆண்டுப் பழமையுள்ள எலும்புத் துண்டுகளிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுக்கப்பட்டதாக அறிவித்தது. கிடைத்தது சைட்டோகுரோம் பி என்னும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் ஒரு சிறு பகுதி. அப்போது அறியப்பட்டிருந்த எந்த விலங்கோடும் அது சரியாகப் பொருந்தாததால், டைனோசருடையதாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அடுத்த ஆண்டே மற்ற குழுக்கள் அதன் மூலத்தைக் காட்டிவிட்டன. மனித மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் படி ஒன்று வெகுகாலத்துக்கு முன்பே உட்கருவின் குரோமோசோமுக்குள் புகுந்து, அங்கே மெல்ல மாறிப்போயிருந்தது; ஆய்வகத்தில் பெருக்கப்பட்டது அந்தப் படிதான். அந்த மனித வரிசை (டிஎன்ஏ எழுத்துகளின் தொடர்) அன்றைய தரவுத்தளத்தில் இல்லாததால், தேடியவர்கள் கையில் அது அகப்படவில்லை.

இன்று நிலைமை வேறு. வரிசைகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் பெயர்தான் பல இடங்களில் தவறாக இருக்கிறது. 2020-இல் மார்ட்டின் ஸ்டைனெக்கரும் ஸ்டீவன் சால்ஸ்பெர்கும் கன்டெர்மினேட்டர் என்ற நிரலைக் கொண்டு, ஆய்வாளர்கள் தங்கள் வரிசைகளைச் சமர்ப்பிக்கும் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்க் முழுவதையும் சல்லடையிட்டபோது, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் வேறு உயிரினத்தின் வரிசை கலந்திருப்பது தெரிந்தது. கவனமாகத் தொகுக்கப்படும் ரெஃப்சீக் என்ற தரவுத்தளத்தில்கூட இந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இத்தகைய பதிவு ஒன்றை நீங்கள் எதிர்கொண்டால் அதை எப்படி உறுதிசெய்வது, யாருக்கு எழுதுவது, அதன் மேல் எழுப்பப்பட்ட ஆய்வுக் கட்டுரையை எப்படித் திருத்துவது என்பதை இங்கே சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்: பதிவைத் திருத்தினால் கட்டுரை தானாகத் திருந்தாது, கட்டுரையைத் திருத்தினாலும் பதிவு அப்படியே கிடக்கும். இரண்டும் தனித்தனி வேலைகள். இரண்டையும் செய்தால்தான் திருத்தம் முடிந்ததாகும்.

மாசு எப்படி நுழைகிறது

ஆய்வாளரின் தோல், கிட்களில் உள்ள வேதிப்பொருள்கள், அதே வரிசையாக்கக் கருவியில் உடன் ஓடிய வேறொருவரின் மாதிரி, குளோனிங் வெக்டர் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ), அடாப்டர் (வரிசையாக்கத்துக்காக முனையில் ஒட்டப்படும் துண்டு), மாதிரி உயிரினத்தின் குடலிலும் உடம்பின் மேலும் வாழும் நுண்ணுயிர்கள் என வழிகள் பல. இவற்றுள் ஒன்றை மட்டும் அருகில் காட்டுகிறேன். இலுமினா கருவிகளில் தரச்சோதனைக்காக ஃபைஎக்ஸ்174 என்ற வைரஸின் டிஎன்ஏ மாதிரியோடு சேர்த்து ஓட்டப்படுகிறது. அதன் ஜீனோம் (முழு மரபணுத் தொகுதி) 5,386 எழுத்துகள் கொண்டது. நான் சரிபார்த்த ஒரு பாக்டீரியாத் தொகுப்பில் (சிறு துண்டுகளை இணைத்துக் கட்டிய ஜீனோமில்) 5,513 எழுத்துகள் கொண்ட ஒரு காண்டிக் (இடைவெளியின்றி இணைந்த தொடர்) தனியாக நின்றது. அதன் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே 127 எழுத்துகள் இருந்தன; தொகுப்பு நிரலுக்குக் கொடுக்கப்பட்ட கே-மெர் அளவும் (துண்டுகளை இணைக்க நிரல் ஒப்பிடும் எழுத்துகளின் எண்ணிக்கை) 127. வட்டமான ஜீனோமை நேர்கோடாக எழுதும்போது நிரல் முனைகளை அப்படித்தான் இரட்டிக்கும். 5,513-இலிருந்து 127-ஐக் கழித்தால் 5,386. ஒத்த வரிசைகளைத் தரவுத்தளத்தில் தேடித்தரும் பிளாஸ்ட் நிரலுக்குப் போகும் முன்பே விடை கையில் இருந்தது. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பொதுத் தரவுத்தளங்களில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் ஜீனோம்களில் இந்த ஃபைஎக்ஸ் வரிசை நீக்கப்படாமல் கிடப்பதைக் காட்டியது.

மனித வரிசை பாக்டீரியாவுக்குள் புகும் விதம் இதைவிடக் கவலை தருவது. மனித ஜீனோமில் பல லட்சம் முறை திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் உண்டு. மாதிரியில் மனித டிஎன்ஏ மிகச் சிறிதளவே கலந்திருந்தாலும், இத்தகைய துண்டுகள் மட்டும் போதிய எண்ணிக்கையில் சேர்ந்து சிறு காண்டிக்குகளாக உருவாகிவிடுகின்றன. பிறகு மரபணு கணிக்கும் நிரல் அவற்றில் ஒரு ‘புரதத்தை’க் காண்கிறது, அந்தப் புரதம் தரவுத்தளத்தில் ஏறுகிறது, அடுத்த பாக்டீரியாவிலும் அதே மனிதத் துண்டு கலந்திருந்தால், ‘முன்பே அறியப்பட்ட புரதத்தோடு பொருந்துகிறது’ என்று நிரல் அதற்குச் சான்று வழங்குகிறது. ஒரு பிழைக்கு இன்னொரு பிழை சாட்சி சொல்லும் நிலை இது. 2019-இல் சால்ஸ்பெர்க் குழுவினர் 2,250 பாக்டீரிய, ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போன்ற மற்றொரு நுண்ணுயிர் வகை) ஜீனோம்களில் மனித வரிசையைக் கண்டனர். அவற்றிலிருந்து பிறந்த போலிப் புரதங்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள்

முதலில் பார்க்க வேண்டியவை, வேறு எந்தக் காண்டிக்கோடும் இணையாத குட்டிக் காண்டிக்குகள். பிறகு ஜிசி விகிதத்தையும் (ஜி, சி எழுத்துகளின் பங்கு) கவரேஜையும் (ஓரிடம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற அளவு) சேர்த்துப் பாருங்கள். பிளாப்டூல்ஸ் போன்ற கருவி ஒவ்வொரு காண்டிக்கையும் ஒரு புள்ளியாக்கி, ஓர் அச்சில் ஜிசி விகிதத்தையும் மற்றோர் அச்சில் கவரேஜையும் வைத்துப் படம் வரைந்து தரும். உங்கள் உயிரினத்தின் காண்டிக்குகள் ஒரு கூட்டமாகத் திரண்டு நிற்க, தள்ளி இன்னொரு கூட்டம் தெரிந்தால், அது பெரும்பாலும் வேறோர் உயிரினம்தான். பாக்டீரியா ஜீனோம்களுக்கு, ஒரே ஒரு படியாக இருக்க வேண்டிய மரபணுக்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிச் சொல்லும் செக்எம் உதவும். வெக்டர், அடாப்டர் எச்சங்களுக்கு, ஜென்பேங்கை நடத்தும் அமெரிக்க நிறுவனமான என்சிபிஐயின் வெக்ஸ்க்ரீன் உண்டு. மொத்த ஜீனோமையும் சோதிக்க, அதே நிறுவனம் இலவசமாக வழங்கும் எஃப்சிஎஸ்-ஜிஎக்ஸ் இப்போதைக்குச் சிறந்தது என்பது என் எண்ணம். ஓட்டம் வேகமானது, ஆனால் ஏறத்தாழ 500 ஜிபி நினைவகம் உள்ள சர்வர் வேண்டும். இந்தக் கருவியை உருவாக்கியவர்கள் ஜென்பேங்கின் 16 லட்சம் தொகுப்புகளைச் சோதித்தபோது, மொத்த எழுத்துகளில் 0.16 சதவீதமே மாசு என்று தெரிந்தது. அதிலும் பாதி, வெறும் 161 தொகுப்புகளில் குவிந்திருந்தது. சராசரியை நம்பி நிம்மதி அடையக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நீங்கள் எடுத்தாளும் தொகுப்பு அந்த 161-இல் ஒன்றாக இருக்கக்கூடும்.

மிக நெருங்கிய ஒற்றுமையும் ஓர் எச்சரிக்கைதான். ஒரு பூச்சியின் மரபணு ஏதோ ஒரு பாக்டீரியாவோடு 99 சதவீதம் ஒத்துப்போகிறது என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இடம்பெயர்ந்த மரபணு அவ்வளவு மாறாமல் இருக்காது. தேடல் முடிவில் முதலில் நிற்கும் பெயரை மட்டும் பார்க்காமல், அடுத்த ஐம்பது பெயர்களையும் பாருங்கள். ஒரு பாக்டீரியா வரிசைக்கு அடுத்தடுத்துப் பொருந்துவன எல்லாம் மாடும் ஆடுமாக இருந்தால், பிழை உங்கள் வினாவரிசையில் இல்லாமல் அந்தப் பாக்டீரியாவின் பதிவிலேயே இருக்கலாம். இது கற்பனை இல்லை. கொனோரியா நோயை உண்டாக்கும் நைசீரியா கொனோரியே பாக்டீரியாவின் ஒரு திரிபுக்கு வெளியிடப்பட்ட ஜீனோமில், மாட்டின் வரிசையும் செம்மறியாட்டின் வரிசையும் கலந்திருப்பது 2014-இல் வெளியானது. மனித நோய்க்கிருமியை அடையாளம் காணப் பயன்படும் தரவில் இத்தகைய கலப்பு இருந்தால், மாட்டிறைச்சித் துணுக்கு கலந்த ஒரு மாதிரிகூடப் பாலியல் நோய்த்தொற்றாகத் தெரியக்கூடும்.

உறுதிசெய்தல்: மாசா, இடப்பெயர்வா

அவசரப்பட்டால் பெரும் தவறு நேரும் கட்டம் இது. உயிரினங்களுக்கிடையே மரபணுக்கள் பக்கவாட்டில் இடம்பெயர்வது உண்மையாகவே நடக்கிறது. டிரோசோஃபிலா அனனாசே என்ற பழ ஈயின் குரோமோசோமில் வால்பாக்கியா பாக்டீரியாவின் ஏறத்தாழ முழு ஜீனோமே பதிந்திருப்பதை 2007-இல் ஜூலி டன்னிங் ஹாட்டாப் குழுவினர் நிறுவினர். பாக்டீரிய வரிசை என்பதற்காகவே அதை வெட்டி எறிந்திருந்தால், ஓர் உண்மையான கண்டுபிடிப்பு குப்பைக்குப் போயிருக்கும்.

எதிர்த்திசைக்கு எடுத்துக்காட்டு நீர்க்கரடி. 2015 நவம்பரில் வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஆய்வாளர்கள், ஹிப்சிபியஸ் டுஜார்டினி என்ற நீர்க்கரடியின் மரபணுக்களில் 17.5 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, வேறு உயிரினங்களிலிருந்து வந்தவை என்று பிஎன்ஏஎஸ் இதழில் எழுதினார்கள். அதே விலங்கை எடின்பரோவில் மார்க் பிளாக்ஸ்டர் குழுவினரும் தனியாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தனர். டிசம்பர் தொடக்கத்திலேயே அவர்களுடைய முன்பதிப்பு (மதிப்பாய்வுக்கு முன் வெளியிடப்படும் கட்டுரை) வெளிவந்தது. சேப்பல் ஹில் தொகுப்பு 21.2 கோடி எழுத்துகள். எடின்பரோ தொகுப்பு 13.5 கோடி. கூடுதலாக இருந்த காண்டிக்குகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவை ஒத்திருந்தன. எடின்பரோவின் மூல ரீடுகளை (கருவி வாசித்துத் தந்த துண்டுகளை) அவற்றின் மேல் பொருத்தியபோது அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் ஒட்டவில்லை. விலங்கின் ஜீனோமிலேயே பதிந்த மரபணு என்றால், அதே விலங்கை எங்கே வரிசைப்படுத்தினாலும் அது வர வேண்டும் அல்லவா? இடம்பெயர்ந்தவை அதிகபட்சம் 1 முதல் 2 சதவீதமே என்று 2016-இல் அதே பிஎன்ஏஎஸ் இதழில் அவர்கள் நிறுவினார்கள். இவ்வளவு விரைவில் உண்மை தெளிந்ததற்குக் காரணம், இரு தரப்பாரும் தத்தம் மூலத்தரவைப் பொதுவில் வைத்திருந்ததுதான். அந்தப் பண்பை நான் மதிக்கிறேன்.

ஆகவே சந்தேகத்துக்குரிய பகுதியை நான்கு கேள்விகளால் சோதியுங்கள். நீள்ரீடு ஒன்று, உயிரினத்தின் சொந்த மரபணுவில் தொடங்கி அயல் பகுதிக்குள் இடைவெளியின்றிச் செல்கிறதா? அந்தப் பகுதியின் கவரேஜ் அக்கம்பக்கத்தோடு ஒத்திருக்கிறதா? மெய்க்கருவுயிரி (உட்கரு உள்ள உயிரினம்) என்றால், அந்த மரபணுவில் இன்ட்ரான்கள் (புரதத்தைக் குறிக்காத இடைப்பகுதிகள்) உள்ளனவா? வேறோர் ஆய்வகத்தில் வேறொரு மாதிரியிலிருந்து எடுத்த தரவிலோ, நெருங்கிய உறவினத்திலோ அது காணப்படுகிறதா? நான்குக்கும் ‘இல்லை’ என்று விடை வந்தால் மாசு என்று துணிந்து எழுதலாம். முதல் கேள்விக்குப் பல ரீடுகள் ‘ஆம்’ என்றால், மற்றவை எப்படி இருந்தாலும் நிதானியுங்கள். மூல ரீடுகள் பொதுவில் இல்லாவிட்டால் உறுதியான முடிவுக்கு வர முடியாது. அப்போது ‘மாசாக இருக்கக்கூடும்’ என்ற அளவிலேயே எழுதுங்கள்.

பதிவைத் திருத்துவது

ஜென்பேங்க் ஓர் ஆவணக் காப்பகம். அமெரிக்காவின் ஜென்பேங்க், ஐரோப்பாவின் இஎன்ஏ, ஜப்பானின் டிடிபிஜே ஆகிய மூன்றும் தரவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் ஒரு பதிவு அதைச் சமர்ப்பித்தவருக்கே உரியது, அதன் எழுத்தை மாற்றும் உரிமையும் அவருக்கே. பிழை தெரிந்ததால் மட்டும் மூன்றாமவர் அதில் கைவைக்க முடியாது. ரெஃப்சீக் அப்படி இல்லை; அது என்சிபிஐ தொகுப்பது என்பதால், சான்றோடு தெரிவித்தால் அவர்களே நடவடிக்கை எடுக்க முடியும். ஆகவே நீங்கள் கண்ட பதிவு எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஜிசிஏ என்று தொடங்கும் தொகுப்பு எண் சமர்ப்பித்தவருடையது. ஜிசிஎஃப் என்று தொடங்குவது ரெஃப்சீக்.

முதல் கடிதம் சமர்ப்பித்தவருக்கே போக வேண்டும். மாசு கலப்பது விபத்து, மோசடி அன்று. கடிதத்தின் தொனியும் அப்படியே இருக்கட்டும். ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

‘மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு வணக்கம். தாங்கள் வெளியிட்ட ஜீனோம் தொகுப்பு எங்கள் ஆய்வுக்குப் பெரிதும் உதவியது. அதன் 412-ஆம் காண்டிக்கில் 1,200 முதல் 3,950 வரையிலான பகுதி மனித வரிசையோடு 99 சதவீதம் ஒத்திருப்பதைக் கண்டோம். தங்கள் மூல ரீடுகளை அதன் மேல் பொருத்திப் பார்த்தபோது, அந்தப் பகுதியின் இரு எல்லைகளையும் கடந்து செல்லும் ரீடு ஒன்றுகூட இல்லை. பதிவு எண்ணும் பதிப்பு எண்ணும், பயன்படுத்திய கட்டளைகளும், பொருத்தக் கோப்பும் இத்துடன் உள்ளன. தாங்கள் சரிபார்த்துத் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவர்களாவோம்.’

இவ்வளவு போதும். காண்டிக்கின் பெயர், எழுத்துகளின் எல்லை, பதிப்பு எண், சான்றுக் கோப்பு ஆகிய நான்கும் இல்லாத கடிதம் எதிரில் இருப்பவருக்குப் பளுதான். பல கடிதங்களுக்குப் பதில் வராமல் போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் காத்திருங்கள். முதுநிலை ஆசிரியரின் முகவரி மாறியிருக்கலாம், மாணவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம்; இணையாசிரியர்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அதே சான்றுகளைத் தரவுத்தளத்தின் உதவிப்பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் சமர்ப்பித்தவரைத் தொடர்புகொள்வார்கள்.

நீங்களே சமர்ப்பித்தவராக இருந்தால் வேலை எளிது, தாமதிக்கத்தான் கூடாது. அயல் காண்டிக்குகளை நீக்குங்கள். சொந்தக் காண்டிக்கின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வெட்டுங்கள். நடுவில் சிக்கியிருந்தால், பிழையாக ஒட்டப்பட்ட இடம் அதுவே என்று கொண்டு, காண்டிக்கை இரண்டாகப் பிரியுங்கள். புதிய பதிப்பு ஏற்றப்பட்டதும் பதிவு எண்ணின் முடிவில் உள்ள பதிப்பு இலக்கம் ஒன்று கூடும்; பழைய பதிப்பும் காப்பகத்தில் இருக்கும். முழுத் தொகுப்பும் பயனற்றது என்றால் பதிவை ஒடுக்கும்படி கேட்கலாம். ஒடுக்கப்பட்ட பதிவு தேடலிலும் பிளாஸ்டிலும் வராது. ஆனால் அதன் எண்ணைத் தட்டினால் கிடைக்கும். அது நல்ல ஏற்பாடு. பழைய கட்டுரையைப் படிக்கும் ஒருவர், அதில் எந்த வரிசை பேசப்பட்டது என்று பார்க்க வழி இருக்க வேண்டும்.

கட்டுரையைத் திருத்துவது

மாசு உறுதியானதும், கட்டுரையில் உள்ள முடிவுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, அயல் வரிசைகளை நீக்கிய தரவில் ஒவ்வொரு பகுப்பாய்வையும் மீண்டும் ஓட்டுங்கள். எந்த முடிவு அப்படியே நிற்கிறது, எதன் எண் மாறுகிறது, எது விழுகிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள். இந்தத் தாளே எல்லாவற்றுக்கும் அடிப்படை. துணை அட்டவணையில் பத்து மரபணுக்கள் குறைந்து, மைய முடிவு நிற்குமானால், திருத்தக் குறிப்பு போதும். மைய முடிவே விழுந்தால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதுதான் முறை. பதிப்பு அறத்துக்கான கோப் அமைப்பின் வழிகாட்டுதல், நேர்மையான பிழையால் முடிவுகள் நம்பகம் இழந்தாலும் திரும்பப் பெறலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. திரும்பப் பெற்றவர் என்றாலே ஏமாற்றியவர் என்று எண்ணும் வழக்கம் அநியாயமானது. திருத்தக் குறிப்பில் ‘சில வரிசைகளில் பிழை’ என்று பொதுவாக எழுதாமல், பழைய பதிப்பு எண்ணையும் புதிய பதிப்பு எண்ணையும், மாறிய படங்களையும் அட்டவணைகளையும் குறிப்பிட்டு, எல்லா இணையாசிரியர்களின் ஒப்புதலோடு ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள்.

மற்றவர் கட்டுரை என்றால் பொறுமை அதிகம் வேண்டும். முதலில் கட்டுரையாளருக்கும், பிறகு இதழாசிரியருக்கும் எழுதுங்கள். பெரும்பாலான இதழ்கள், வெளிவந்த கட்டுரை மீதான மறுமொழியை மதிப்பாய்வுக்கு உட்படுத்தி வெளியிடுகின்றன. ஆனால் சொல்வரம்பு குறுகியது, காலமும் பிடிக்கும். ஆகவே முழு விவரத்தையும் நிரல்களோடு முன்பதிப்பாக வெளியிட்டுவிட்டு, சுருக்கத்தை இதழுக்கு அனுப்புவது நல்லது. வெளிவந்த கட்டுரைகளை விவாதிக்கும் பப்பியர் தளத்தில் குறிப்பு இடலாம். அங்கும் வரிசையைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுதாதீர்கள்.

எவ்வளவு காலம் ஆகலாம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, முப்பதுக்கும் மேற்பட்ட புற்றுநோய் வகைகளின் மாதிரிகளில் நுண்ணுயிர்களின் தடம் இருக்கிறது என்றும், அதைக் கொண்டே புற்றுநோய் வகைகளைப் பிரித்தறியலாம் என்றும் சொன்னது. 2023-இல் ஆபிரஹாம் கிஹாவி, சால்ஸ்பெர்க் உள்ளிட்டோர் மூலத்தரவை மறுபடி ஆராய்ந்து, இரண்டு பெரும் பிழைகளைக் காட்டினார்கள். ஒப்பிடப் பயன்பட்ட பாக்டீரிய ஜீனோம்களில் மனித வரிசை கலந்திருந்ததால், நோயாளியின் சொந்த டிஎன்ஏ பாக்டீரியா என்று எண்ணப்பட்டிருந்தது. தரவைச் சமன்செய்த முறையும், முன்பு இல்லாத வேறுபாடுகளைப் புற்றுநோய் வகைகளுக்கிடையே உண்டாக்கிவிட்டது. 2024 ஜூனில் நேச்சர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அதன் தரவின் மேல் வேறு பல ஆய்வுகள் எழுந்துவிட்டன. யாரோ எப்போதோ நீக்காமல் விட்ட சில மனிதத் துண்டுகள் கடைசியில் புற்றுநோய் ஆய்வு வரை வந்து சேர்ந்த வழி இது. அதனால்தான் சிறு காண்டிக் ஒன்றைப் பற்றிய கடிதத்தைக்கூட வீண்வேலை என்று நான் நினைப்பதில்லை.

திருத்தம் வந்த பிறகு

பதிவு மாறியதும் அதன் வழித்தோன்றல்களைப் பின்தொடருங்கள். அந்த வரிசையிலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட புரதம், புரதத் தரவுத்தளங்களில் இன்னும் இருக்கிறதா என்று சில மாதங்கள் கழித்துப் பாருங்கள். இருந்தால் அங்கும் தெரிவியுங்கள். உங்கள் கட்டுரையை எடுத்தாண்டவர்களில், அந்தக் குறிப்பிட்ட மரபணுவை நம்பி வேலை செய்தவர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். திருத்தக் குறிப்பைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

எளிதில் மறந்துபோகும் இடம் உங்கள் ஆய்வக சர்வர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் இறக்கி வைத்த என்ஆர் தரவும் (என்சிபிஐயின் புரத வரிசைத் தொகுப்பு), அதிலிருந்து கட்டிய கிராக்கன் (வரிசை எந்த உயிரினத்துடையது என்று கண்டறியும் நிரல்) குறியீட்டுக் கோப்பும், அமெரிக்காவில் பதிவு திருத்தப்பட்டதை அறியாமல் அங்கேயே இருக்கும்; அடுத்த மாணவர் அதையே எடுத்து ஓட்டுவார். கோப்புறையின் பெயரிலேயே இறக்கிய தேதியை எழுதுங்கள். உள்ளே ஓர் உரைக்கோப்பில், நீங்கள் கண்ட அயல் வரிசைகளின் பதிவு எண்களையும் பதிப்பு எண்களையும் பட்டியலிடுங்கள். புதிய குறியீட்டைக் கட்டும்போது அந்த எண்களை விலக்கிக் கட்டுங்கள். பழையதை, வெளிவந்த கட்டுரையை மறுபடி சரிபார்ப்பதற்காக, எழுதவியலாத காப்புக் கோப்பாக ஒதுக்கி வையுங்கள்.